மோட்டார் எங்கே அமரும்? மாதிரி ரயில் கேள்வி–பதில்

மாதிரி ரயில் தளத்துக்கான கிட்களை, அதாவது பாகங்களாக வரும் மாதிரித் தொகுப்புகளைக் கட்டுவது பற்றியும், அவற்றுக்கு மோட்டார் பொருத்தி இயக்குவது பற்றியும் வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: மோட்டார் இல்லாத ஒரு பழைய பிளாஸ்டிக் நீராவி என்ஜின் கிட் என்னிடம் இருக்கிறது. ஓ.ஓ. அளவு, அதாவது 1:76 விகிதம். அதைக் கட்டி முடித்துவிட்டு மோட்டார் பொருத்தி 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்ட முடியுமா? எச்.ஓ. பெட்டிகளை அதனோடு இணைக்கலாமா?

பதில்: ஓட்ட முடியும். ஆனால் கட்டி முடித்துவிட்டு மோட்டார் பொருத்துவது என்ற வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சக்கரமும் மோட்டாரும் கொண்ட அடிச்சட்டம் தனியாகத் தண்டவாளத்தில் ஓட வேண்டும். அதற்குப் பிறகே கொதிகலனும் ஓட்டுநர் அறையும் ஒட்டப்பட வேண்டும். உடல் ஒட்டப்பட்டுவிட்டால் மோட்டாருக்கு 2 மி.மீ. இடம் போதாமல் போனாலும் உள்ளே அரத்தைக் கொண்டுபோக வழியிருக்காது.

உங்கள் கிட்டின் அளவு விகிதம் பிறந்ததற்கே மோட்டாரின் இடப் பிரச்சினைதான் காரணம். எச்.ஓ. அளவு 1:87. அதில் 16.5 மி.மீ. தண்டவாளம், 1,435 மி.மீ. இடைவெளி கொண்ட உண்மையான ஸ்டாண்டர்ட் கேஜ் இருப்புப்பாதைக்குச் சரியாகப் பொருந்துகிறது. பிரிட்டனின் என்ஜின்கள் ஐரோப்பியக் கண்டத்தின் என்ஜின்களைவிடச் சிறியவை என்பதால், 1:87 விகிதத்தில் அவற்றைச் செய்தபோது அக்காலத்து மோட்டார்கள் உடலுக்குள் அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் 1:76.2 விகிதத்துக்குப் பெரிதாக்கினார்கள். இதன் விளைவாக ஓ.ஓ. அளவில் 16.5 மி.மீ. தண்டவாளம் சற்றே குறுகலானது; அந்த விகிதத்துக்கு நியாயமாக 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும். உங்கள் என்ஜின் எச்.ஓ. பெட்டிகளோடு தடையின்றி ஓடும். ஆனால் அதன் உடல் ஏறத்தாழ 14 சதவீதம் பெரிது என்பதால் பெட்டியின் பக்கத்தில் நிறுத்தும்போது கண்ணை உறுத்தும். ஓ.ஓ. பெட்டிகளையே இணைப்பது நல்லது.

இத்தகைய கிட்களுக்கு மோட்டார் பொருத்துவது புதிய முயற்சியல்ல. 1959இல் பிரிட்டனில் பொம்மைகள் செய்துவந்த ரோஸ்பட் நிறுவனம் கிட்மாஸ்டர் என்ற பெயரில் பிளாஸ்டிக் என்ஜின் கிட்களை வெளியிடத் தொடங்கியது. 1962இல் அவற்றின் வார்ப்பு அச்சுகள் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறின. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த கிட்களை வாங்கியவர்கள் உடனே ஓட்ட விரும்பினார்கள். கிட்மாஸ்டரே ஒரு மோட்டார் போகியையும் (மோட்டார் பொருத்திய சக்கரச் சட்டம்), என்ஜினுக்குப் பின்னால் நின்று தள்ளுகிற மோட்டார் வண்டி ஒன்றையும் விற்றது.

உங்களுக்கு இன்றும் அதே வழிகள்தான் இருக்கின்றன. பின்னால் ஒரு மூடிய சரக்கு வண்டியில் மோட்டாரை ஒளித்துவைத்து என்ஜினைத் தள்ளச் செய்வது எல்லாவற்றிலும் எளிது. கிட்டின் நுட்பமான பாகங்களை வெட்ட வேண்டியதில்லை. டெண்டரில், அதாவது என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டியில், மோட்டார் வைப்பது அடுத்த படி. மூன்றாவது, கிட்டின் பிளாஸ்டிக் அடிச்சட்டத்தையே ஒதுக்கிவிட்டு, அதே சக்கர இடைவெளி கொண்ட பித்தளை அடிச்சட்டத்தையோ ஓடுகிற பழைய என்ஜின் ஒன்றின் அடிச்சட்டத்தையோ பொருத்துவது. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழிதான். இணைப்புத் தண்டுகள் தாமே சக்கரங்களைச் சுழற்றுவதைப் பார்ப்பதில் உள்ள நிறைவு, தள்ளிக்கொண்டு போகிற என்ஜினில் கிடைப்பதில்லை.

அந்த வழியில் ஒரு வேலை பொறுமையைக் கேட்கும். நீராவி என்ஜினில் ஒரு பக்கத்துக் கிராங்க் முளைகள் (சக்கரத்தில் தண்டுகள் மாட்டும் முளைகள்) மறுபக்கத்து முளைகளுக்கு 90 பாகை தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கோணம் எல்லா அச்சுகளிலும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். ஓர் அச்சில் அது சில பாகைகள் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் தண்டுகள் ஒருமுறை இறுகும். பார்ப்பவருக்கு என்ஜின் நொண்டுவதுபோல் தெரியும். மோட்டாரை இணைப்பதற்கு முன்பே அடிச்சட்டத்தைச் சற்றே சாய்ந்த கண்ணாடிப் பலகையில் வையுங்கள். அது தன் எடையிலேயே உருண்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எவ்வளவு வலிமையான மோட்டாரைப் பொருத்தினாலும் அந்தக் குறை மறையாது.

கேள்வி: நானே வடிவமைத்த எச்.ஓ. ரயில்காருக்கு (தானே ஓடும் பயணிகள் பெட்டி) 12 வோல்ட் மோட்டார் வைத்தேன். நின்ற இடத்திலிருந்து தவளைபோலத் தாவுகிறது. பிறகு பந்தயக் காரைப்போல ஓடுகிறது. இன்னும் சிறிய மோட்டார் வைக்க வேண்டுமா?

பதில்: மோட்டாரை மாற்றினால் இது தீராது; பற்சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் போடாமலே மோட்டார் வாங்கிவிடுகிறார்கள் என்பதால் முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

உண்மையான ரயில்கார் மணிக்கு 60 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 16.7 மீட்டர். 87ஆல் வகுத்தால் மாதிரி நொடிக்கு 19 செ.மீ. நகர வேண்டும். உண்மைச் சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர் என்றால் மாதிரிச் சக்கரத்தின் விட்டம் 11.5 மி.மீ.; சுற்றளவு 36 மி.மீ. ஆக, சக்கரம் நொடிக்கு 5.3 முறை, அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 320 முறை சுழல வேண்டும். 12 வோல்ட்டில் நிமிடத்திற்கு 12,000 முறை சுழல்கிற ஒரு மோட்டாரை அந்த வேகத்துக்குக் குறைக்க 38க்கு 1 என்ற விகிதம் தேவை. ஒற்றைப் புரியுள்ள, திருகுபோன்ற வார்ம் கியரும் 40 பல்லுள்ள சக்கரமும் வைத்தால் மணிக்கு 56 கி.மீ.க்குச் சமமான உச்சவேகம் கிடைக்கும். ஒரு கிளைப்பாதை ரயில்காருக்கு அது போதும். உங்கள் வண்டி பந்தயக் காரைப்போல ஓடுகிறது என்றால் அதில் 12க்கு 1 அல்லது 15க்கு 1 போன்ற விகிதம் இருக்க வேண்டும்.

தாவுவதும் இதே காரணத்தால்தான். எந்த மோட்டாரும் நிலை உராய்வை வென்று சுழலத் தொடங்கும்போது ஒரு குறைந்தபட்ச வேகத்தோடுதான் தொடங்கும். அந்தக் குறைந்தபட்ச வேகத்தை 40ஆல் வகுத்தால் ஊர்தல். 12ஆல் வகுத்தால் தாவல். மோட்டார் அச்சில் ஒரு சிறிய பித்தளை ஃபிளைவீலை (சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான சக்கரம்) பொருத்த இடம் இருந்தால் பொருத்துங்கள். புறப்பாடு மென்மையாகும், தண்டவாள அழுக்கினால் ஒரு கணம் மின்சாரம் அறுபட்டாலும் வண்டி குலுங்காது.

வார்ம் கியர் சக்கரத்தின் பற்களில் மிக அழுத்தமாகப் படியக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்து, அந்த இடைவெளியில் மோட்டாரை இறுக்கிவிட்டுத் தாளை உருவி எடுத்துவிடுங்கள். இந்தச் சிறு உபாயம் பல இரைச்சல் புகார்களைத் தீர்த்துவைத்திருக்கிறது.

கேள்வி: என் தளத்தில் ஒரு காற்றாலைக் கிட்டும் ஒரு தண்ணீர்ச் சக்கர ஆலையும் இருக்கின்றன. இரண்டுக்கும் சிறிய மோட்டார் பொருத்தினேன். காற்றாலை மேசை விசிறிபோலச் சுழல்கிறது. தளம் முழுவதும் இரைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கேள்வியை ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன், ஏனென்றால் தளத்தில் அசைகிற கட்டடங்கள் ரயிலைவிடக் கூடுதலாகக் கண்ணை ஈர்ப்பவை, தவறாக அசைந்தால் ரயிலைவிடக் கூடுதலாகக் காட்டிக்கொடுப்பவையும் அவைதாம்.

ரயிலின் நேர்கோட்டு வேகத்தை விகிதத்தால் வகுக்கிறோம். சுழற்சியை அப்படி வகுக்கக்கூடாது. சக்கரமும் அது கடக்கும் தூரமும் சேர்ந்தே சிறுத்துவிடுவதால், உண்மையில் நிமிடத்திற்கு எத்தனை சுற்றோ மாதிரியிலும் அத்தனை சுற்றுதான். நான்கு சிறகுகள் கொண்ட மரபான காற்றாலை நல்ல காற்றில் நிமிடத்திற்கு 15 முறை அளவில் சுழலும். ஒரு சுற்றுக்கு 4 நொடி. 4, 5 மீட்டர் விட்டமுள்ள, மேலிருந்து நீர் விழுகிற ஆலைச் சக்கரம் அதைவிடவும் நிதானமானது. நிமிடத்திற்கு 10 சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். எந்தச் சிறு மோட்டாரையும் நேரடியாக இணைத்து இந்த வேகத்தைப் பெற முடியாது. பற்சக்கரப் பெட்டியோடு சேர்ந்தே வருகிற, என்20 என்று அழைக்கப்படும் 12 மி.மீ. அகல கியர் மோட்டார் இதற்கு ஏற்றது. 12 வோல்ட்டில் நிமிடத்திற்கு 30 சுற்று என்று குறிக்கப்பட்டதை எடுத்து, 6 வோல்ட் கொடுத்து ஓட்டுங்கள். வேகம் பாதியாகும், சத்தமும் கணிசமாகக் குறையும். ரயிலின் வேகக் கட்டுப்பாட்டிலிருந்து மட்டும் அதற்கு மின்சாரம் எடுக்காதீர்கள். ரயில் வேகமெடுக்கும்போதெல்லாம் காற்றும் வேகமெடுப்பது பார்ப்பவரின் நம்பிக்கையை உடைத்துவிடும்.

இரைச்சலுக்குக் காரணம் மோட்டார் மட்டுமன்று. பிளைவுட் தளம் தம்புராவின் குடத்தைப்போல வேலை செய்கிறது; மோட்டாரின் மெல்லிய அதிர்வை வாங்கிப் பெருக்கித் தருகிறது. மோட்டாரைப் பலகையில் நேரடியாகத் திருகாமல், நடுவே மென்மையான ரப்பர் அல்லது நுரைத் துண்டு வைத்துப் பொருத்துங்கள். மோட்டார் அச்சுக்கும் மேலே போகிற தண்டுக்கும் இடையே விறைப்பான இணைப்பு வேண்டாம். ஒரு விரல்கடை நீளச் சிலிக்கான் குழாய் போதும். அது அதிர்வையும் தடுக்கும், இரண்டு அச்சுகளும் மயிரிழை விலகி நின்றாலும் பொறுத்துக்கொள்ளும்.

கட்டும் முறைக்கு வருகிறேன். கிட்டோடு வருகிற பிளாஸ்டிக் அச்சை நீக்கிவிட்டு 2 மி.மீ. எஃகுக் கம்பியையும், அது தளர்வின்றி வழுக்கிச் சுழலும் பித்தளைக் குழாய்த் துண்டுகள் இரண்டையும் தாங்கிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறகுகளின் எடை அந்தத் தாங்கிகளின் மேல்தான் இருக்க வேண்டும். மோட்டார் அச்சின் மேல் சிறிதும் ஏறக்கூடாது. சுவர்களை ஒட்டும்போது கம்பி உள்ளே கோக்கப்பட்டிருக்கட்டும். பசை காயும்வரை அவ்வப்போது விரலால் சுழற்றிப் பாருங்கள். சுவர் நேராக நின்றும் அச்சு கோணலாகிவிட்ட ஆலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பியைக் கோக்காமல் ஒட்டியதே எல்லாவற்றிலும் காரணமாக இருந்தது. தண்ணீர்ச் சக்கரத்துக்கு அச்சு கிடைமட்டமாக இருப்பதால், மோட்டாரை ஆலைக் கட்டடத்தின் உள்ளேயே படுக்கவைத்துவிடலாம். காற்றாலையில் கீழிருந்து வரும் செங்குத்துத் தண்டு தலைப்பகுதியில் 90 பாகை திரும்ப வேண்டும். அங்கே ஒரு சோடி சாய்வுப் பற்சக்கரம் வையுங்கள். எந்தக் கட்டடமானாலும் கூரையை ஒட்டாதீர்கள். உள்பக்கம் நான்கு மூலையிலும் சிறு பட்டைகள் ஒட்டினால் கூரை மூடிபோல உட்காரும். மோட்டார் என்றைக்காவது பழுதாகும். அன்றைக்கு அதை வெளியே எடுத்தாக வேண்டும்.

கேள்வி: பொறுமையாகக் கட்டிய மாதிரியில் பற்சக்கரப் பெட்டிக்கு அருகே பிளாஸ்டிக் வெடித்திருக்கிறது. ஜன்னல் தகடுகளும் பால் படிந்ததுபோல வெளுத்துவிட்டன. பசை கெட்டுப்போனதா?

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்கள். வெளுத்ததற்குக் காரணம் சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசையின் ஆவி. அது காயும்போது அருகிலுள்ள தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் வெண்படலமாகப் படிகிறது. ஜன்னல்களுக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையே போதும். காய்ந்தபின் அது கண்ணுக்குத் தெரியாது.

வெடிப்பு எண்ணெயின் வேலையாக இருக்கக்கூடும். கிட்களின் உடல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். இறுக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீன்மேல் சில எண்ணெய்களும் கிரீஸ்களும் பட்டால் நாளடைவில் கீறல் விடும். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட மசகை, ஊசி முனையால் ஒரு சொட்டுக்கும் குறைவாக வையுங்கள். அச்சில் ஏற்றிய பற்சக்கரத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். துளை சிறிதாக இருந்து வலிந்து ஏற்றியிருந்தால் பல்லிடுக்கில் பிளந்திருக்கும். சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வரும். பற்சக்கரங்கள் பெரும்பாலும் பாலிஅசிட்டாலிலோ நைலானிலோ செய்யப்படுகின்றன. பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கிற கிட் பசை அவற்றில் ஒட்டவே ஒட்டாது. பிளந்த சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ரயில்வே கேட் கம்பங்களை மின்காந்தச் சுருளால் இயக்குகிறேன். பட்டென்று விழுந்து எழுகின்றன. மெதுவாக இறக்க வழி உண்டா?

பதில்: மின்காந்தச் சுருளுக்கு இரண்டு நிலைகள் மட்டுமே தெரியும். ஒரு சிறிய சர்வோ மோட்டாருக்கு மாறுங்கள். 9 கிராம் எடையுள்ள, 5 வோல்ட்டில் இயங்கும் சாதாரண சர்வோ போதும். அது நொடிக்கு 50 முறை வருகிற துடிப்புகளின் நீளத்தைப் பார்த்துத் தன் கோணத்தை அமைத்துக்கொள்கிறது. கட்டுப்பாட்டுச் சில்லில் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால், கம்பம் 90 பாகை இறங்க 9 நொடி ஆகும். உண்மைக் கேட்டின் கம்பீரம் அதில் வந்துவிடும். சர்வோவிலிருந்து மேலே வரும் எஃகுக் கம்பியில் ஒரு சிறிய வளைவு கொடுங்கள். அளவு சற்றுப் பிசகினாலும் வளைவு தாங்கிக்கொள்ளும், கம்பம் முறியாது.

கேள்வி: நான் கட்டிய என்ஜின் தனியாக நன்றாக ஓடுகிறது. ஐந்து பெட்டிகளை இணைத்தால் சக்கரம் வழுக்குகிறது. தண்டவாளம் பிரியும் பாயின்ட்டைக் கடக்கும்போது நின்றுவிடுகிறது. இதை டிஜிட்டல் முறைக்கும் மாற்ற விரும்புகிறேன்.

பதில்: பிளாஸ்டிக் உடல் மிக இலேசானது; வழுக்குவது இயல்பு. இயக்கப்படும் சக்கரங்களுக்கு நேர் மேலே எடை சேருங்கள். எவ்வளவு என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. என்ஜினைக் கையால் நகராமல் பிடித்துக்கொண்டு முழு மின்னழுத்தம் கொடுங்கள். சக்கரங்கள் வழுக்கிச் சுழல வேண்டும். சக்கரமும் மோட்டாரும் சேர்ந்து நின்றுவிட்டால் எடை மிகுந்துவிட்டது என்று பொருள்; உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். எடைக்கு எஃகு அல்லது பித்தளைத் துண்டுகளைப் பயன்படுத்துங்கள். ஈயம் நஞ்சு என்பது ஒரு காரணம். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து வைத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல வேதிமாற்றம் அடைந்து வீங்கி உடலையே பிளந்துவிடும் என்பது மற்றொன்று. நீர்த்தொட்டி வெடித்த டெண்டர்களின் கதை இந்தத் துறையில் பலருக்குத் தெரியும்.

பெட்டிகளையும் கவனியுங்கள். 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்.ஓ. பெட்டிகளுக்கு ஓர் அவுன்சோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்ற எடையைப் பரிந்துரைக்கிறது. 20 செ.மீ. பெட்டிக்கு அது ஏறத்தாழ 140 கிராம் ஆகிறது. உங்கள் பெட்டிகள் அதைவிட மிகக் கனமாக இருந்தால் குறைக்கலாம். பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றினால் உருளலும் எளிதாகும். தண்டவாளத்தில் அழுக்குப் படிவதும் குறையும்.

பாயின்ட்டில் நிற்பதற்குக் காரணம், நடுவே உள்ள மின்சாரம் பாயாத பிளாஸ்டிக் பகுதிமேல் உங்கள் மின்சேகரிப்புச் சக்கரங்கள் ஒரே நேரத்தில் நிற்பதுதான். இரண்டு சக்கரங்களிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கிற என்ஜின் எத்தனை முறை துடைத்தாலும் இப்படித்தான் நிற்கும். என்ஜினின் எல்லாச் சக்கரங்களிலிருந்தும், முடிந்தால் டெண்டரிலிருந்தும் எடுங்கள். சக்கரத்தின் பின்பக்கத்தை மெல்ல உரசும் பாஸ்பர் வெண்கலக் கம்பி இதற்கு ஏற்றது. மிக அழுத்தினால் அதுவே தடைக்கட்டையாகிவிடும்.

டிஜிட்டல் முறைக்கு வருவோம். தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்சுற்றான டிகோடரைப் பொருத்துவதற்கு முன், மோட்டாரின் இரண்டு முனைகளும் அடிச்சட்டத்தோடும் சக்கரங்களோடும் எங்கும் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். பழைய மோட்டார்களில் ஒரு முனை அடிச்சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அப்படியே இணைத்தால் டிகோடர் முதல் நொடியிலேயே எரிந்துவிடும். எனவே மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரிலும் மறு முனையை ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்து, தொடர்பில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு வண்ணங்களின்படி இணைப்பது எளிது. சிவப்புக் கம்பி வலது தண்டவாளத்துக்கும், கறுப்பு இடது தண்டவாளத்துக்கும், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கும் உரியவை. வண்டி எதிர்த்திசையில் போனால் ஆரஞ்சையும் சாம்பலையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் போதும். டிகோடருக்கான இடத்தை கொதிகலனை ஒட்டுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். மோட்டாரை ஒட்டிவைத்தால் இரண்டின் சூடும் சேரும் என்பதால், நடுவே கொஞ்சம் காற்றோட்டமும் விட்டுவையுங்கள்.